தங்கவயலுக்கு வந்த மின்சாரம்: வெளிச்சம் யாருக்கு?

இந்த ஆண்டு மலருக்கு மின்சாரத்தைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மின்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கரண்ட் என்னை விடமாட்டேன் என்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மின்சார வரலாறு இருக்கத்தான் செய்கிறது. அது கோலார் தங்கவயலின் வரலாறு.

இன்றைக்குப் பத்திரிகையைத் திறந்தால் சூரிய மின்சாரம், காற்றாலை, நிலக்கரிக்கு விடை கொடுப்போம் என்றெல்லாம் செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். பருவம் தப்பி மழை பெய்வதையும் வெயில் கொளுத்துவதையும் நாமே பார்க்கிறோம். புகை வராத மின்சாரத்துக்கு நாடு மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் இப்படியொரு மாற்றம் நம் நாட்டில் நடப்பது இது முதல் தடவை அல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. விறகையும் நிலக்கரியையும் எரித்த இடத்தில், அருவியிலிருந்து புகையில்லாத மின்சாரம் வந்தது. அந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் தமிழ்த் தொழிலாளிகள். அவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று பார்த்தால், இன்றைய மாற்றத்தில் எதைக் கேட்கவேண்டும் என்பது நமக்குப் புரியும்.

விறகிலிருந்து அருவிக்கு

கோலார் வட்டாரத்தில் பொன் இருப்பது பழங்காலத்திலேயே தெரிந்த சங்கதி. நவீன முறையில் தோண்டும் முயற்சி 1870களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. 1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1894ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ரயில் பாதையும் வந்துவிட்டது.

பொன் என்றால் மண்ணை அள்ளிச் சலிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அது கெட்டிப் பாறைக்குள் இருக்கும். பாறையை வெடிவைத்து உடைத்து, மேலே தூக்கி, இரும்பு உலக்கைகள் பூட்டிய ஆலையில் மாவாகப் பொடித்து, பிறகு ரசாயனத்தில் கரைத்து எடுக்கவேண்டும். தண்ணீரை இறைக்கவேண்டும், காற்றை உள்ளே அனுப்பவேண்டும், ஆட்களை இறக்கி ஏற்றவேண்டும். அத்தனைக்கும் சக்தி வேண்டும். அந்தக் காலத்தில் அந்தச் சக்தி நீராவி இயந்திரம். நீராவிக்குத் தீனி விறகும் நிலக்கரியும். சுற்றுவட்டாரக் காடு பாய்லருக்குப் போயிற்று. நிலக்கரியோ வெகுதூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டும். சுரங்கம் ஆழம் போகப் போக எரிபொருள் செலவும் ஏறிக்கொண்டே போயிற்று.

அப்போதுதான் காவிரி நினைவுக்கு வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்ற இரண்டு அருவிகளாக விழுகிறது. ஏறக்குறைய 400 அடி இறக்கம். அந்தத் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, குழாயில் இறக்கி, சக்கரத்தைச் சுற்றினால் மின்சாரம். அதைக் கம்பியில் தங்கவயலுக்கு அனுப்பினால் விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம்.

அன்றைக்கு மைசூர் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1845ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டு திவானாக இருந்தவர். திட்டத்தை வகுத்தவர் ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர், கனடா நாட்டுக்காரர். ஊர் பெயர் தெரியாத ஒரு அருவியிலிருந்து இத்தனை தூரம் மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோக முடியுமா என்று பலருக்குச் சந்தேகம். சமஸ்தானத்தின் பணத்தை இதில் போடத் துணிந்தது பெரிய காரியம்தான், சும்மா சொல்லக்கூடாது.

1902 ஜூன் 30

ஜெனரேட்டர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தன. நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்திலிருந்து வந்தன. கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, கடைசியில் யானையும் மாட்டு வண்டியும் இழுத்து அருவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்து மின்சாரம் 92 மைல் தூரம், அதாவது 148 கிலோமீட்டர், ஓடித் தங்கவயலைச் சேர்ந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின ஆண்டு செப்டம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். மின்நிலையத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

இதுதான் இந்தியாவின் முதல் நீர்மின்சாரம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897லேயே சிறிய அளவில் எடுத்துவிட்டார்கள். உலகத்திலேயே நீளமான மின்பாதை என்றும் சொல்வதுண்டு. கலிபோர்னியாவில் 1901லேயே இதைவிட நீளமான பாதை ஓடியது. ஆனால் இந்தியாவில் ஒரு பெரிய தொழிலையே எரிபொருளிலிருந்து அருவிக்கு மாற்றிய முதல் முயற்சி இதுதான் என்பதில் ஐயமில்லை. ஆரம்பத்தில் 720 கிலோவாட் இயந்திரங்கள் ஆறு. கூட்டிப் பார்த்தால் 4,320 கிலோவாட். இன்றைக்குப் புதிதாக நிறுத்துகிற பெரிய காற்றாலை ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவு தரும். அன்றைக்கு அது மலைபோன்ற சக்தி.

அப்போது பெங்களூரில் மின்விளக்கு இல்லை. பெங்களூர் நகரத்துக்கு இதே சிவசமுத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்தது 1905 ஆகஸ்டில். மைசூர் அரண்மனை நகரத்துக்கு வந்தது 1908ல். ராஜாவின் ஊருக்கு முன்னால் தங்கவயலுக்கு வந்துவிட்டது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பலதடவை சொல்லியிருக்கிறேன்.

தங்கவயலுக்கு என்றால் யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். வயது எண்பதைத் தாண்டியவர். "ஐயா, ஆசியாவிலேயே முதல் முதல்லே கரண்ட் வந்த ஊர்கள்லே உங்க ஊரும் ஒண்ணு" என்றேன். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சொரங்கத்துக்கு வந்துச்சு தம்பி. எங்கப்பா எறங்கற ஷாஃப்ட்டுலே ராவும் பகலும் மோட்டார் ஓடும். நான் பாடம் படிச்சது சிம்னி வெளக்குலேதான்."

அவ்வளவுதான் சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் மின்துறையில் இருந்த எனக்கு அது சுருக்கென்றது. தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது என்று நாம் சொல்லும்போது தங்கவயல் என்பது யார்? ஒப்பந்தம் மைசூர் அரசுக்கும் சுரங்கக் கம்பெனிகளுக்கும் நடுவில். விற்றது குதிரைச்சக்தி. வாங்கியது ஆலையும் பம்பும் காற்றழுத்த இயந்திரமும் ஓட்ட. அரசுக்கு மின்கட்டணமும் பொன்னில் ராயல்டியும் கிடைத்தன. லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு லாபப் பங்கு கிடைத்தது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்து தட்டி வீட்டில் குடியேறிய கூலித் தொழிலாளி அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான மக்கள். பண்ணையார் வீட்டு வாசலில் நிற்பதைவிட இருட்டுக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள்.

மின்சாரம் அவர்களுக்கு நன்மையே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பம்பு நன்றாக ஓடினால் சுரங்கத்தில் வெள்ளம் குறையும். காற்று நன்றாக இறங்கினால் மூச்சு முட்டாது. சுரங்கம் ஓடினால்தான் வேலை. அதெல்லாம் உண்மை. ஆனால் அதே சக்தி இன்னொன்றையும் செய்தது. சுரங்கம் மேலும் மேலும் ஆழத்துக்குப் போக முடிந்தது. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. ஆழம் கூடக் கூட வெக்கை கூடும். பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். தங்கவயலில் இந்தப் பாறை வெடிப்புக்குப் பலியானவர்கள் ஏராளம்.

தூசி வேறு. உளியும் சம்மட்டியும் கொண்டு துளை போடுகிற காலத்தைவிட, அழுத்தக் காற்றில் ஓடுகிற துளைக் கருவி பல மடங்கு வேகம். தண்ணீர் தெளிக்காமல் துளைத்தால் தூசியும் பல மடங்கு. அந்தப் பாறைத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். போனால் திரும்பாத நோய். 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானவர்களுக்கு அந்த நோய் இருந்தது தெரியவந்தது. அருவியிலிருந்து வந்த மின்சாரத்தில் புகை இல்லை என்பது மெய். புகை மேலே இல்லை. தூசி கீழே இருந்தது.

ஆற்றைத் தேக்கியபோது

இந்தக் கதையில் இன்னொரு கிளையும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அருவி மின்சாரத்தில் ஒரு சிக்கல். மழைக்காலத்தில் ஆறு பொங்கும், கோடையில் வற்றும். சுரங்கத்து மோட்டாருக்கோ வருஷம் முழுவதும் ஒரே அளவு சக்தி வேண்டும். சிவசமுத்திரத்தில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்துவிடுவதால், கீழே பாசனத்துக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் கோடையிலும் சக்கரம் சுற்றவேண்டுமென்றால் மேலே எங்காவது தண்ணீரைத் தேக்கி வைக்கவேண்டும். 1909ல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த எம். விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடியில் அணை கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தார். பாசனம் ஒரு நோக்கம். தங்கச் சுரங்கங்களுக்குத் தடையில்லாத மின்சாரம் இன்னொரு முக்கியமான நோக்கம். அணைக்கு ஆகும் செலவை நியாயப்படுத்தியதில் சுரங்கம் கட்டப்போகிற மின்கட்டணத்துக்குப் பெரிய பங்குண்டு. 1911ல் வேலை தொடங்கிற்று.

சென்னை அரசு எதிர்த்தது. தேக்கினால் டெல்டாவுக்கு என்ன ஆகும் என்பது அதன் கேள்வி. மத்தியஸ்தம், அப்பீல் என்று இழுத்தடித்து, கடைசியில் 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. நாம் இன்றைக்கும் பேசுகிற காவிரிப் பிரச்சினையின் வேர்களில் ஒன்று தங்கவயலுக்குப் போன மின்கம்பியில் சுற்றியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அணையில் பழைய கண்ணம்பாடி முதலிய கிராமங்கள் மூழ்கின. அங்கிருந்த வேணுகோபால சுவாமி கோயிலும் மூழ்கியது. வறட்சி வருஷங்களில் தண்ணீர் இறங்கும்போது அந்தக் கோயில் தலையைக் காட்டும். அதைப் பிற்காலத்தில் கல் கல்லாகப் பெயர்த்துக் கரையில் எடுத்துக் கட்டினார்கள். கோயிலை எடுத்துக் கட்டிவிடலாம். வயலையும் களத்தையும் விட்டு எழுந்துபோன குடியானவனின் பழைய வாழ்க்கையை யார் எடுத்துக் கட்டுவது? ஆக, ஓர் இடத்தில் சக்தி மாறும்போது அதன் விலையை வேறோர் இடத்தில் உள்ளவர்களும் கொடுக்கிறார்கள். கம்பியின் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரிவதில்லை.

தாங்களே ஏற்றிக்கொண்ட விளக்கு

தங்கவயல் தமிழர்களை வெறும் பாவப்பட்ட ஜனங்களாகவே காட்டினால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். வெளிச்சத்துக்காக அவர்கள் காத்துக்கொண்டு உட்காரவில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளை 1900களிலேயே மாரிகுப்பத்தில் வேர் பிடித்தது. அவர் 1914ல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழ் 1926ல் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. பூமிக்கடியில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் படிப்பகம் வைத்தார்கள், பள்ளி வைத்தார்கள், விவாதம் நடத்தினார்கள். 1954ல் டாக்டர் அம்பேத்கர் இங்கே வந்தபோது அவரை வரவேற்றது ஏற்கெனவே அரை நூற்றாண்டு படித்து விழித்திருந்த ஒரு ஊர்.

வேலையிடத்திலும் அப்படித்தான். 1930 ஏப்ரலில் தொழிலாளர் எல்லோரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவு போட்டன. பொன் திருட்டைத் தடுக்க என்று காரணம். "நாங்க என்ன திருடங்களா?" என்று மொத்தத் தங்கவயலும் வேலையை நிறுத்தியது. அப்போது முறையான தொழிற்சங்கம்கூடக் கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரம் நின்றார்கள். கம்பெனி இறங்கி வந்தது. கூலிக்காக அல்ல, மானத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் அது. பிறகு 1940களில் சங்கங்கள் வந்தன. 1946ல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளைத் தங்கவயல் மறக்கவில்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்று. அருவியிலிருந்து மின்சாரம் தானாக இறங்கும். நியாயம் தானாக இறங்காது. வீடு, ஆஸ்பத்திரி, நோய்க்கு ஈட்டுத்தொகை, லைனுக்கு விளக்கு, எதுவுமே 1902ல் போட்ட ஒப்பந்தத்தில் வந்ததல்ல. பின்னால் கேட்டு, நின்று, இழந்து வாங்கியவை. முதலிலேயே அவர்களையும் பேச்சில் உட்கார வைத்திருந்தால் எத்தனை நுரையீரல் பிழைத்திருக்கும்!

2001 பிப்ரவரி 28

1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆயிற்று. ஆழத்தில் பொன் குறைந்துகொண்டே வந்தது, எடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டில் ஏறக்குறைய 800 டன் பொன் கொடுத்த பூமி அது.

மூடியது தவறு என்று நான் வாதாடவில்லை. எந்தச் சுரங்கமும் ஒருநாள் மூடித்தான் ஆகவேண்டும். எப்படி மூடினோம் என்பதுதான் கேள்வி. சுரங்கம் ஒன்றையே நம்பி நான்கு தலைமுறை வாழ்ந்த ஊரில், அது மூடினால் அடுத்து என்ன என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். 1964ல் தொடங்கிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை சிலருக்கு வேலை கொடுத்தது. அது போதவில்லை. மிச்சப் பேர் என்ன செய்தார்கள் என்பதைப் பெங்களூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறோம். விடியுமுன்பே மாரிகுப்பத்திலிருந்து கிளம்புகிற ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ராத்திரி திரும்புகிறார்கள். காவலாளி, கடைப் பையன், எலெக்ட்ரீஷியன், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் என்று எல்லாரும் அதில் உண்டு. படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டதால் பிழைத்த சமூகம் அது.

ஊரில் மிச்சமிருப்பது சயனைடு மேடுகள். பொன்னைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய பாறை மாவு 3 கோடி டன்னுக்கும் மேல் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். பொன் லண்டனுக்கும் டெல்லிக்கும் போயிற்று, மேடு ஊருக்கு.

வேறு விதமாகவும் மூடலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்குப் பேர்போனது. அங்கே கல்நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவது என்று 2007ல் முடிவு எடுத்தார்கள். கடைசிச் சுரங்கத்தை மூடியது 2018 டிசம்பரில். நடுவில் பதினொரு ஆண்டு. அரசு, கம்பெனி, தொழிற்சங்கம் மூன்றும் உட்கார்ந்து பேசி, வயதானவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வூதியம், இளையவர்களுக்கு வேறு வேலைக்குப் பயிற்சி என்று படிப்படியாகச் செய்தார்கள். திடீரென்று தெருவில் விடப்பட்டவர்கள் என்று யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பணக்கார நாடு, நமக்கு அது கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். பணம் வேண்டியதுதான். ஆனால் பதினொரு ஆண்டுக்கு முன்பே சொல்லிவிடுவதற்குப் பணம் வேண்டாமே!

பாவகடாவில் விளைகிற வெயில்

இப்போது இன்றைக்கு வருவோம். 2015ல் பாரிஸில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் முன்னுரையிலேயே, இந்த மாற்றம் தொழிலாளர்களுக்கு நியாயமாக நடக்கவேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. 2021ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் நிகர மாசு இல்லாத நிலையை எட்டுவோம் என்று இந்தியா சொல்லியிருக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. தன்பாத், சிங்ரௌலி, கோர்பா, சிங்கரேணி, நம் நெய்வேலி என்று எத்தனை ஊர்கள் கரியை நம்பி நிற்கின்றன! ஒவ்வொன்றும் ஒரு தங்கவயல்தான். அந்த ஊர்களில் நம் சங்கங்களும் உண்டு, நம் குடும்பங்களும் உண்டு.

புதிய மின்சாரம் வருகிற இடத்தையும் பார்க்கவேண்டும். இதே கர்நாடகத்தில், துமகூரு மாவட்டம் பாவகடாவில், பெரிய சூரிய மின்பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். 2019 கடைசியில் முழுமை பெற்றது. ஓயாத வறட்சிப் பிரதேசம் அது. அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விவசாயிகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றம். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. கண்ணம்பாடி காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ முன்னேற்றம். மனதாரப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நிலமே இல்லாதவர்? அந்தக் காட்டில் கடலை பிடுங்கவும் களையெடுக்கவும் போன கூலிப்பெண்? ஆடு மேய்த்தவர்? குத்தகைப் பணம் பட்டா உள்ளவர் வீட்டுக்குப் போகும். கூலிக்கு வயலும் போயிற்று, குத்தகையும் இல்லை. சூரியத் தகடு பதிக்கிற சமயத்தில் கொஞ்ச நாள் வேலை இருக்கும். பதித்து முடித்தால் தகடு துடைக்கவும் புல் வெட்டவும் காவல் காக்கவும் சில பேர் போதும். இதைப் படித்தபோது எனக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் ஞாபகம் வந்தார். 1902ல் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் சுரங்கத் தொழிலாளி. இன்றைக்குப் பெயர் இல்லாதவர் நிலமில்லாத கூலிக்காரர். பல இடங்களில் இவர் அவருடைய உறவுக்காரராகவே இருப்பார்.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என் வீட்டு மொட்டை மாடியிலும் தகடு பதித்திருக்கிறேன். சேஷாத்ரி ஐயரின் துணிச்சலும் விஸ்வேஸ்வரய்யாவின் திறமையும் இல்லாவிட்டால் இந்தத் தென்னாடு இவ்வளவு வளர்ந்திருக்காது. அவர்கள் செய்ததைக் குறை சொல்லி நான் பெரிய மனுஷன் ஆகப்போவதில்லை. ஆனால் அவர்கள் காலத்தில் கேட்கத் தோன்றாத கேள்வியை நம் காலத்தில் கேட்காமல் விட்டால் அது நம் குற்றம்.

எந்தப் புதிய மின்திட்டம் வந்தாலும், எந்தப் பழைய சுரங்கம் மூடினாலும், நான்கு கேள்வி கேட்கவேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் யார், போட இடமில்லாதவர் யார்? கம்பியின் இந்த முனையில் வெளிச்சம் யாருக்கு, அந்த முனையில் இழப்பு யாருக்கு? வேலை செய்பவரின் உடம்புக்கு யார் பொறுப்பு? முடிகிற நாளை எத்தனை ஆண்டு முன்னால் சொல்லப்போகிறீர்கள்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால், அந்த மாற்றம் நியாயமானதா என்பது பாதி விளங்கிவிடும்.

நம் பிள்ளைகளில் பல பேர் இன்றைக்கு மின்துறையிலும் சூரிய சக்திக் கம்பெனிகளிலும் அரசுப் பணியிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கோப்பு வரும், வரைபடம் வரும், மெகாவாட் கணக்கு வரும். அப்போது ஒரு நிமிஷம் இந்தத் தங்கவயல் கதையை நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த தடவை பெங்களூர் வருகிறவர்கள் சிவசமுத்திரம் அருவியைப் பார்த்துவிட்டுப் போகாமல், மாரிகுப்பம் ரயிலில் ஏறித் தங்கவயலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கம்பியின் இரண்டு முனையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.